ஆசிரியரின் ஆட்டத்தை விட்டு மாணவரின் ஆட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. இதுவரை எந்த நடனத்தையும் முறையாகக் கற்றதில்லை. சால்சா போன்ற லத்தீன் நடனங்களைப் பார்க்கும்போதெல்லாம் நாமும் ஆடினால் என்ன என்று தோன்றும். இந்த ஆண்டு கற்றே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். போய்வரக்கூடிய தூரத்தில் மூன்று பள்ளிகள் உள்ளன. முதலாவது, சுவரெல்லாம் மேடைப் படங்களும் கோப்பைகளுமாக இருக்கும் பெரிய ஸ்டுடியோ. மூன்று மாதத்தில் மேடையேற்றுவதாகச் சொல்கிறார்கள், ஆனால் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்கிறார்கள். இரண்டாவது பள்ளியில் ஐந்து லத்தீன் நடனங்களைப் பாடத்திட்டப்படி கற்பித்து, தேர்வு நடத்திப் பதக்கம் தருகிறார்கள். மூன்றாவது, வாடகைக் கூடத்தில் வாரம் இருமுறை நடக்கும் சிறிய வகுப்பு. மாத இறுதியில் எல்லாரும் கூடி ஆடும் மாலையும் உண்டு, ஆனால் அங்கே ஒரு நிலைக்கண்ணாடிகூட இல்லை. மேடை ஆசை எனக்கில்லை; நண்பர்கள் கூடும் இடத்தில் இசை ஒலித்தால் தயங்காமல் எழுந்து ஆட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஜோடி கிடையாது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்து ஆடுவதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வலது முழங்கால் சுளுக்கியதும் உண்டு. எந்தப் பள்ளியில் சேரலாம்? காலணி முதலியவற்றை இப்போதே வாங்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி "மேடை ஆசை எனக்கில்லை" என்பதுதான். பள்ளி தேடி வருபவர்களில் பலர் தமக்கு என்ன வேண்டும் என்பதைச் சேர்ந்து சில மாதம் கழிந்த பிறகே கண்டுகொள்கிறார்கள். அதற்குள் கட்டணத்தோடு உற்சாகமும் செலவாகிவிடுகிறது. நீங்கள் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டதால் பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்கு, இத்தனை ஆண்டுகள் கற்பித்த பிறகு நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான். ஆசிரியர் எப்படி ஆடுகிறார் என்பதை வைத்துப் பள்ளியை எடைபோடாதீர்கள். அங்கே சேர்ந்து ஏறக்குறைய ஆறு மாதமான ஒரு சாதாரண மாணவர், வகுப்பில் பழகாத ஒரு பாட்டுக்கு, வழக்கமாகத் தன்னோடு ஆடாத ஒருவருடன் எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள். ஆசிரியரின் திறமை, பெரும்பாலும் அவர் பள்ளி திறப்பதற்கு முன்பே ஈட்டியது. அந்தப் பள்ளி கற்பிக்கிறதா என்பதற்கு மாணவரின் கால்கள்தான் சான்று.

இதைப் பார்ப்பது கடினமான காரியமன்று. சோஷியல் என்று சொல்லப்படும் பொது ஆட்ட மாலையை நடத்தும் பள்ளியாக இருந்தால், பார்வையாளராக ஒருமுறை வந்து உட்காரலாமா என்று கேளுங்கள். அப்படி ஒரு மாலையே இல்லை என்றாலோ, வெளியாள் வரக்கூடாது என்றாலோ, அதுவும் ஒரு தகவல்தான். அங்கே எத்தனை சுழற்சிகள், எத்தனை கை மாற்றங்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஆடுபவர் இசையோடு இருக்கிறாரா, தாளம் தவறும்போது திகைத்து நின்றுவிடுகிறாரா அல்லது அடிப்படை ஸ்டெப்புக்குத் திரும்பி மீண்டும் பிடித்துக்கொள்கிறாரா, எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்து இழுக்கிறாரா, பார்வை தரையிலேயே இருக்கிறதா என்பவற்றை மட்டும் கவனியுங்கள். எளிய நான்கு அசைவுகளை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டையும் இருவரும் மகிழ்ச்சியாக ஆடி முடிக்கிறார்கள் என்றால், அந்த ஆசிரியர் தம் வேலையைச் செய்திருக்கிறார்.

இனி உங்கள் மூன்று பள்ளிகளுக்கு வருகிறேன். லத்தீன் நடனம் என்ற ஒரே பலகையின் கீழ் இரண்டு தனி உலகங்கள் இயங்குவதை நீங்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். உங்கள் இரண்டாவது பள்ளி போட்டி நடன உலகைச் சேர்ந்தது. அங்கே லத்தீன் என்றால் சா-சா-சா, சாம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் ஆகிய ஐந்து மட்டுமே. லண்டனில் 1904-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இம்பீரியல் சொசைட்டி போன்ற ஆசிரியர் அமைப்புகள் வகுத்த பாடத்திட்டமும், வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஏறும் தேர்வுகளும் அங்கே உண்டு. ஒவ்வோர் அசைவுக்கும் பாதம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும், எடை எப்போது மாற வேண்டும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். (அந்த ஐந்தில் பாசோ டோப்ளே ஸ்பெயினின் காளைப் போர் இசையிலிருந்து வந்தது, ஜைவ் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்விங் ஆட்டத்திலிருந்து வந்தது, இரண்டுக்கும் லத்தீன் அமெரிக்காவோடு பிறப்பு உறவு இல்லை என்பது இத்துறையின் சின்ன வேடிக்கை.) இன்னோர் உலகம் பொதுத்தளத்தில், மக்கள் கூடும் இடங்களில் ஆடப்படுவது. கியூபாவின் சோன், மாம்போ முதலிய இசை, நடன வகைகளில் வேர்கொண்டு, 1960-களிலும் 70-களிலும் நியூயார்க்கில் வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ, கியூப மக்களிடையே உருப்பெற்ற சால்சா, டொமினிக்கன் குடியரசில் பிறந்து, முறையே 2016-இலும் 2019-இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மெரெங்கே, பச்சாட்டா ஆகியவை இந்த உலகின் நடனங்கள். அங்கோலாவிலிருந்து வந்த கிசோம்பாவையும் பல பள்ளிகள் இவற்றோடு சேர்த்தே கற்பிக்கின்றன.

இரண்டும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்ல. ஆனால் ஒன்றைக் கற்றவர் மற்றொன்றின் தளத்தில் இறங்கினால் திணறிப்போவார். போட்டிப் பாணி ரும்பா நிமிடத்துக்கு 100 முதல் 108 பீட் என்ற நிதான ஓட்டத்தில் ஆடப்படுகிறது. சால்சாப் பாடல்களோ பெரும்பாலும் 160-க்கும் 220-க்கும் இடையில் ஓடுகின்றன. போட்டிப் பாணியில் காலை நீட்டி, முதுகை நிமிர்த்தி, பெரிய இடத்தை எடுத்துக்கொண்டு ஆடப் பழகியவருக்கு, நெருக்கமான தளத்தில் ஓரடி இடத்துக்குள் ஆடும் சால்சா முற்றிலும் புதிய பயிற்சியாகவே இருக்கும். எழுதப்பட்ட பாடத்திட்டமும், தேர்வு தரும் உந்துதலும், துல்லியமும் உங்களை ஈர்க்குமானால் இரண்டாவது பள்ளி நல்ல இடம். அங்கே பெறும் உடல் ஒழுங்கு எந்த நடனத்துக்கும் பயன்படும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது வேறு விருப்பம். நண்பர்கள் கூடும் இடத்தில் பாசோ டோப்ளே ஒலிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

முதல் பள்ளியைப் பற்றி எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. ஒன்று, மூன்று மாதத்தில் மேடை என்ற வாக்குறுதி. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவரையும் மூன்று மாதத்தில் மேடையேற்ற முடியும். ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, ஒரே ஜோடியுடன், எண்ணி வைத்த அசைவுகளை வரிசை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால் போதும். ஆனால் நாடக வசனத்தை மனப்பாடம் செய்தவர் அந்த மொழியில் உரையாடத் தெரிந்தவர் ஆகிவிடுவதில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்பது இருவருக்குமே முன்னதாகத் தெரியும்போது, ஒருவர் உணர்த்துவதை மற்றவர் உடலால் உணர்ந்து பதில் தரும் திறன் வளர்வதே இல்லை. ஜோடி நடனத்தின் உயிர் அந்தத் திறன்தான். மேடை நிகழ்ச்சிகளில் பளிச்சென்று ஆடிய மாணவர்கள், வேறு பாட்டுக்கு வேறொருவர் கை நீட்டியதும் செய்வதறியாது நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பள்ளியில் மேடைக்குழுவுக்கு அப்பால் பொது ஆட்டத்துக்கென்று தனி வகுப்பு உண்டா, அந்த வகுப்பின் மாணவர்கள் எங்கே ஆடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான விடை கிடைத்தால் என் தயக்கத்தைத் தள்ளிவைத்துவிடலாம்.

இரண்டாவது தயக்கம் ஓராண்டுக் கட்டணம். புகழ்ச்சியைக் காட்டி நீண்ட ஒப்பந்தம் விற்பது இத்தொழிலில் பழைய வழக்கம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968-இல் ஒரு வழக்கை விசாரித்தது. கணவரை இழந்த, 51 வயதான ஒரு பெண்மணியிடம், அவர் மிகச் சிறந்த நடனக் கலைஞராக வளர்ந்துவருகிறார் என்று ஓயாமல் புகழ்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு ஒப்பந்தங்களில் மொத்தம் 2,302 மணி நேர வகுப்புகளை ஒரு நடனப் பள்ளி விற்றிருந்தது. உண்மையில் அவருக்கு இசையின் தாளத்தைக் கேட்டுப் பிரித்தறிவதே கடினமாக இருந்தது என்பது அவரது முறையீடு. வழக்கைத் தொடர அவருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நடனப் பள்ளி ஒப்பந்தங்களுக்கென்றே அந்நாட்டின் சில மாநிலங்களில் தனிச் சட்டமும் இருக்கிறது. உங்கள் பள்ளி அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடக்க நிலையில் இருப்பவர் மாதக் கணக்கில் அல்லது எட்டு வார வகுப்புத்தொடராகக் கட்டணம் செலுத்துவதே முறை; அதற்கு மேல் கேட்பவர்களிடம், உடல்நலம் குன்றினால் வகுப்புகளைத் தள்ளிவைக்க முடியுமா, ஆசிரியர் விலகினாலோ பேட்ச் கலைக்கப்பட்டாலோ மீதிப் பணம் திரும்ப வருமா என்பவற்றுக்கு எழுத்தில் விடை கேளுங்கள். விளம்பரப் படத்தில் இருக்கும் ஆசிரியரேதான் உங்கள் வகுப்பை எடுப்பாரா என்பதையும் கேட்க மறக்காதீர்கள். புதியவர்களின் வகுப்பை அனுபவம் குறைந்த உதவியாளரிடம் விட்டுவிடுவது பரவலான பழக்கம். என் கருத்தில் பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியர் நிற்க வேண்டிய இடமே அந்த வகுப்புதான்.

இனி முன்னோட்ட வகுப்பு. மூன்று பள்ளிகளிலும் ஒரு வகுப்பாவது நேரில் ஆடிப் பாருங்கள். வெறுமனே பார்த்துவிட்டு வருவது போதாது. அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார் என்பதைவிட எதைத் திருத்துகிறார் என்பதே எனக்கு முக்கியம். சால்சாவின் அடிப்படை ஸ்டெப் எட்டு எண்ணிக்கை கொண்டது. அதில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு ஆகியவற்றில் காலடி விழும், நான்கிலும் எட்டிலும் புதிய அடி இல்லை. இதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஆனால் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுமையாக மாற வேண்டும். பாதி எடையைப் பின்னாலேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் வைப்பவருக்கு அடுத்த அடி எந்தக் கால் என்பதே குழம்பிப்போகும், திருப்பத்தில் தடுமாறுவார். நல்ல ஆசிரியர் முதல் நாளே இதைக் கவனித்து, ஒவ்வொருவரிடமும் நின்று சரிசெய்வார். இடுப்பசைவும் இதோடு சேர்ந்ததுதான். முழங்கால் மடங்கி நீள, எடை மாற, அதன் விளைவாக இடுப்பு தானாக ஒரு பக்கம் நகர்கிறது. "இடுப்பை ஆட்டுங்கள்" என்று முதல் வகுப்பிலேயே கத்துகிற ஆசிரியர், விளைவைக் காட்டிக் காரணத்தை மறைக்கிறார். அவரிடம் கற்றவர்கள் பின்னாளில் அந்தப் பழக்கத்தை மறப்பதற்கே தனியாகப் பாடுபட வேண்டியிருக்கும்.

அடுத்து, இசை எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆசிரியர் வாயால் எண்ணுவது தேவைதான். ஆனால் வகுப்பு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை நின்று, இசை மட்டும் ஒலிக்க, மாணவர்கள் தாமாகவே முதல் பீட்டைப் பிடிக்க முயலும் நேரம் இருக்க வேண்டும். சால்சாப் பாடலின் விறுவிறுப்பான பிற்பகுதியில் கேட்கும் கவ்பெல் மணியோசை வலுவான பீட்டுகளை அடித்துக் காட்டும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றோ, பச்சாட்டாவில் நான்காவது பீட்டில் வரும் தட்டலைக் கேளுங்கள் என்றோ சொல்லித்தருகிற ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கையை மட்டுமே நம்பி ஆடப் பழகியவருக்கு, எண்ணிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பாட்டு வெறும் இரைச்சலாகிவிடும்.

ஒரே வகுப்பில் நான்கைந்து புதிய கோர்வைகள் கற்பிக்கப்பட்டால், அன்று வீட்டுக்குப் போகும்போது நிறையக் கற்றதுபோல இருக்கும்; ஒரு வாரத்தில் ஒன்றும் நினைவிருக்காது. அடிப்படை ஸ்டெப், பக்கவாட்டு அடி, வலப்புறத் திருப்பம், இருவரும் இடம் மாறிக்கொள்ளும் கிராஸ் பாடி லீட் ஆகியவற்றை முதல் இரண்டு மாதத்தில் ஒழுங்காகக் கற்பித்தாலே அது நல்ல வேகம். இதே காரணத்தால், வாரத்தில் சால்சா ஒரு நாள், பச்சாட்டா ஒரு நாள், கிசோம்பா ஒரு நாள் என்று சேர்வதைவிட ஒரே நடனத்துக்கு இரண்டு நாள் செல்வது நல்லது.

நிலைக்கண்ணாடி இல்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. உடலின் நேர்கோட்டைச் சரிபார்க்கக் கண்ணாடி உதவும் என்பது உண்மை. ஆனால் கண்ணாடியில் தெரியும் ஆசிரியரின் உருவத்தைப் பார்த்தே ஆடிப் பழகியவர்கள், வேறு பக்கம் திரும்பி நிற்கச் சொன்னால் அடிப்படை ஸ்டெப்பையே தவறவிடுகிறார்கள். கண்ணாடி உள்ள பள்ளியில் சேர நேர்ந்தால், அவ்வப்போது அதற்கு முதுகைக் காட்டி வகுப்பை ஆடவைக்கிறார்களா என்று கவனியுங்கள்.

சால்சா கற்பிக்கும் பள்ளியில் எந்தப் பாணி என்றும் கேட்டுவிடுங்கள். முதல் பீட்டில் முன்னடி வைக்கும் லாஸ் ஏஞ்சலஸ் பாணி, இரண்டாவது பீட்டில் திசை மாற்றும் நியூயார்க் பாணி, ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி ஆடும் கியூபப் பாணி என்று பிரிவுகள் உண்டு. கியூபப் பாணியில் ரூவேடா என்ற வட்ட ஆட்டமும் இருக்கிறது. ஒருவர் அறிவிப்புக் கொடுக்க, எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் அதே அசைவைச் செய்து துணையை மாற்றிக்கொள்வார்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. இவற்றுள் எது உயர்ந்தது என்ற வாதம் ஓயாதது; அதில் உங்களுக்கு வேலையில்லை. நீங்கள் போய்வரும் தூரத்தில் எந்தப் பாணியை அதிகம் பேர் ஆடுகிறார்களோ அதுவே உங்களுக்கு உகந்தது, ஏனெனில் ஆடுவதற்கு ஆள் வேண்டும். தம் பாணி ஒன்றே அசல், மற்றவை போலி என்று பேசுகிற பள்ளியில் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

ஜோடி இல்லாதது குறையே அல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை துணையை மாற்றிக்கொண்டே கற்பிக்கும் வகுப்பில் தனியாக வருபவர்தான் வேகமாக வளர்கிறார். ஜோடியாக வந்து ஜோடியாகவே ஆடுபவர்கள் ஒருவர் தவறுக்கு மற்றவர் பழகிப்போய், அதையே சரியென்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் லீட் எனப்படும் வழிநடத்துபவர்களும் (வழக்கமாக ஆண்கள்) ஃபாலோ எனப்படும் பின்தொடர்பவர்களும் (வழக்கமாகப் பெண்கள்) வகுப்பில் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பின்தொடர்பவர்களுக்கு நான்கு வழிநடத்துபவர்கள் என்றால், வகுப்பின் பெரும்பகுதி நேரம் காற்றோடுதான் ஆடிக்கொண்டிருப்பீர்கள். பதிவின்போதே இருபாலாரையும் எண்ணிச் சேர்ப்பது, அல்லது பழைய மாணவர்களை உதவிக்கு வரவழைப்பது போன்ற ஏற்பாடு செய்கிற பள்ளி பொறுப்புள்ள பள்ளி. விருப்பம் இருந்தால் நீங்களே வழிநடத்தவும் கற்கலாம். முதல் சில மாதங்கள் அது கடினமாக இருக்கும், ஏனெனில் தாளம், திசை, அடுத்த அசைவு மூன்றையும் ஒரே நேரத்தில் நினைக்க வேண்டும்.

உங்கள் கூச்சத்தைப் பற்றி: அது பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வகுப்புக்குள் குறைந்துவிடுகிறது, ஏனெனில் எதிரில் நிற்பவரும் தன் காலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்துவிடும். ஆனால் கூச்சம் வேறு, அசௌகரியம் வேறு. இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டு ஆட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒரு பாட்டுக்கு ஆட அழைத்தவரிடம் காரணம் சொல்லாமலே மறுக்கலாம், பிடி நெருக்கமாக இருந்தால் விலக்கிக்கொள்ளலாம், முன்னறிவிப்பின்றிப் பின்னால் சாய்க்கும் டிப் போன்றவற்றைச் செய்யக்கூடாது, ஆட்டத்தளத்தில் கேட்காமல் ஒருவருக்கு ஒருவர் பாடம் நடத்தக்கூடாது என்ற விதிகளை நல்ல பள்ளி முதல் வகுப்பிலேயே எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடும். பச்சாட்டாவில், குறிப்பாக ஸ்பெயினில் வளர்ந்த சென்சுவல் பாணியில், உடல்கள் மிக நெருக்கமாக இருக்கும். தொடக்கநிலை வகுப்பிலேயே அந்தப் பிடியை வற்புறுத்துகிற ஆசிரியரை விட்டு வெளியேறத் தயங்காதீர்கள். கைப்பிடியையும் கவனியுங்கள். வழிநடத்துபவரின் விரல்கள் தளர்வாகக் கொக்கிபோல் இருக்க வேண்டும், உங்கள் கை அதற்குள் சுதந்திரமாகச் சுழல வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் திருப்பினால் மணிக்கட்டும் தோளும் பாதிக்கப்படும். ஆசிரியர் இதைப் பார்த்தும் திருத்தாமல் கடந்துபோனால் அது சிறிய கவனக்குறைவு அல்ல.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டி நடன உலகில் ஆசிரியர் தகுதித் தேர்வுகள் உண்மையிலேயே கடினமானவை. லைசென்ஷியேட், ஃபெல்லோ போன்ற தகுதிகளுக்கு மதிப்பு உண்டு. சால்சா, பச்சாட்டா உலகில் எல்லாரும் ஏற்கும் ஒரே அமைப்பு இல்லை. அங்கே சட்டமிட்டுத் தொங்கும் தாள்களில் பல, பள்ளிகளே தமக்குள் வழங்கிக்கொண்டவை. "உலக சாம்பியன்" என்ற பட்டத்தைக் கண்டால் எந்தப் போட்டி, எந்தப் பிரிவு, எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்று கேட்பதில் தவறில்லை. இதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு: ஆண் ஆசிரியராக இருந்தால் பின்தொடர்பவரின் அடிகளையும், பெண் ஆசிரியராக இருந்தால் வழிநடத்துபவரின் அடிகளையும் அவரால் ஆடிக்காட்டி விளக்க முடிகிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் அறியாதவர் பாதிப் பாடத்தைத்தான் கற்பிக்க முடியும்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வதேசப் போட்டிகளிலேயே மூத்தோர் பிரிவுகள் 35 வயதையொட்டித் தொடங்குகின்றன; நீங்கள் பொதுத்தளத்தில் ஆடுவதற்கு அந்தக் கணக்கும் தேவையில்லை.

ஆகவே, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், மூன்றாவது பள்ளியில் இரண்டு மாதத்துக்குச் சேருங்கள் என்பேன். வாரம் இரண்டு வகுப்பும் மாதம் ஒரு பொது ஆட்ட மாலையும் என்ற அமைப்பே நீங்கள் கேட்பதை நேராகத் தருகிறது; மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பும் அங்கேதான் எளிதாகக் கிடைக்கிறது. சேர்வதற்கு முன் அடுத்த மாத இறுதி மாலைக்குப் போய், நான் மேலே சொன்னபடி பாருங்கள். அங்கே ஆறு மாத மாணவர்கள் தாளத்தை விட்டு ஆடுகிறார்கள் என்றால், கூடம் எளிமையானது, ஆசிரியர் அன்பானவர் என்பதற்காகச் சேராதீர்கள். முதல் பள்ளியின் பொது ஆட்ட வகுப்பை, மாதக் கட்டணத்துக்கு அவர்கள் ஒத்துக்கொண்டால், அடுத்ததாகப் பரிசீலியுங்கள். எந்தப் பள்ளியானாலும் இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு தனி வகுப்பு எடுத்துக்கொள்வது நல்லது. குழுவில் கண்ணில் படாத பிழைகள் அதில் வெளிப்படும். வீடியோ பார்த்துத் தயாராக வேண்டியதில்லை. பாடல்களைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் பத்து நிமிடம் அடிப்படை ஸ்டெப்பை நடந்து பார்ப்பது அதைவிட மிகுந்த பலன் தரும்.

கடைசியாக முழங்காலும் காலணியும்; இவை இரண்டும் ஒரே விஷயம். முதல் மாதத்தில் நடனக் காலணி வாங்க வேண்டாம், ஆனால் ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணியில் ஆடவும் வேண்டாம். ரப்பர் தரையைப் பற்றிக்கொள்ளும். உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் நின்றுவிட, அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். வழுவழுப்பான அடிப்பாகமும் தட்டையான குதிகாலும் உள்ள, பாதத்தை இறுகப் பிடிக்கிற பழைய காலணி ஏதேனும் இருந்தால் போதும். தொடர்ந்து ஆடுவது உறுதியானதும் ஸ்வேட் எனப்படும் மென்தோல் அடிப்பாகம் கொண்ட நடனக் காலணியை, ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்குள் அகலமான குதிகாலோடு, மாலை நேரத்தில் அணிந்து பார்த்து வாங்குங்கள். அதைத் தெருவில் அணியாதீர்கள், ஈரமும் மண்ணும் பட்டால் ஸ்வேட் கெட்டுவிடும். கூடத்தின் தரையையும் தட்டிப் பாருங்கள். மரத்தளம் அதிர்ச்சியை ஓரளவு வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் மேல் ஒட்டிய ஓடு வாங்கிக்கொள்ளாது, அத்தகைய தளத்தில் வாரம் இருமுறைக்கு மேல் உங்கள் முழங்காலோடு ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேர்வதற்கு முன் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ முழங்காலைக் காட்டி, சுழற்சி அசைவுகளுக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பழைய சுளுக்கைப் பற்றி ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அவர் எந்தக் கால், எப்போது, இப்போது வலி உண்டா என்று விசாரித்து, திருப்பங்களை உங்களுக்கு எப்படி மாற்றித் தரலாம் என்று யோசித்தால் சேருங்கள். "அதெல்லாம் ஆட ஆடச் சரியாகிவிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அது மூன்றாவது பள்ளியாகவே இருந்தாலும் சேர வேண்டாம்.